அடுத்த தாவல்: எல்லை வழிப்படுத்திகள் வழிசொல்லும் முறை

பழந்தமிழ்ப் புலவர் ஆற்றுப்படை என்றொரு செய்யுள்வகையைக் கண்டனர். வள்ளலொருவனிடம் பரிசில் பெற்று மீள்பவன், எதிர்ப்பட்ட வறியவனை அவ்வள்ளல்பால் வழிப்படுத்துவது அதன் பொருளாகும். பத்துப்பாட்டுள் ஐந்து பாட்டுக்கள் இவ்வகையின. அவற்றுள் மலைபடுகடாத்திலே வழியின் இடர்களும் தங்குமிடங்களும் கிடைக்கும் உணவும் விரித்துரைக்கப்படுகின்றன. வழி சொல்பவன் அவ்வழியிலே தான் நடந்து மீண்டவன். ஆதலின் அவன் சொல்லை நம்பிப் போகலாம்.

கணினி வலையமைப்புக்களிலும் வழி சொல்லும் கருவிகள் உள. அவற்றை வழிப்படுத்திகள் என்பர். ஆயின், இவை தாம் நடந்த வழியைச் சொல்வன அல்ல; பிறர் சொல்லக் கேட்டதை வேறொருவர்க்குச் சொல்வன. அங்ஙனம் சொல்லும்போது, கேட்ட செய்தியிலுள்ள ஒரு சிறு முகவரியை மாற்றிச் சொல்வதா, கேட்டவாறே சொல்வதா என்னும் வினா எழுகின்றது. அவ்வினாவையே ஈண்டு ஆராய்வாம். சிறு வினாவே எனினும், அதற்குரிய விடையைப் பிழைபடக் கொண்ட வலையமைப்பு, எல்லா வழிகளையும் அறிந்திருந்தும் ஒரு பொதியைத்தானும் அனுப்ப மாட்டாது நிற்கும்.

இணையம் என்பது தனியொரு வலையன்று. ஆயிரக்கணக்கான வலையமைப்புக்களின் கூட்டம். ஒரே நிருவாகத்தின்கீழ் இயங்கும் வலையமைப்பைத் தன்னாட்சித் தொகுதி என வழங்குவர். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. ஒரு தொகுதியின் உள்ளே வழிகளைக் கண்டறிவதற்கு ஓ.எஸ்.பி.எவ்., ஐ.எஸ்.-ஐ.எஸ். போன்ற உள்வழி நெறிமுறைகள் பயன்படுகின்றன. தொகுதிக்கும் தொகுதிக்கும் இடையே வழி சொல்வது எல்லை வாயில் நெறிமுறையாகும், பீ.ஜீ.பீ. என்பது அதன் குறுக்கம். 1989 ஆம் ஆண்டு ஜனவரியில் ரெக்சாஸ் மாநிலத்து ஒஸ்ரின் நகரில் இணையப் பொறியியற் பணிக்குழு கூடியபோது, சிஸ்கோ நிறுவனத்துக் கேர்க் லோகீட், ஐ.பி.எம். நிறுவனத்து யாக்கொவ் ரெக்ற்றர் ஆகியோர் உணவுமேசையில் அமர்ந்து, கைதுடைக்கும் தாள்களிலே இந்நெறிமுறையின் முதல் வரைவை எழுதினர். அவ்வாண்டு ஜூன் மாதத்திலே அஃது ஆர்.எவ்.சி. 1105 என்னும் ஆவணமாக வெளிவந்தது. இன்று வழக்கிலுள்ள நான்காம் பதிப்பின் விதிகள் 2006 ஆம் ஆண்டு ஜனவரியில் வெளிவந்த ஆர்.எவ்.சி. 4271 இல் உள்ளன. தாளின் சிறுமையைக் கண்டு நெறிமுறையைச் சிறிதென எண்ணற்க. உலகத்து வலையமைப்புக்களெல்லாம் இன்றும் அதன் சொற்கேட்டே தம்முட் பேசுகின்றன.

பீ.ஜீ.பீ. பேசும் ஒரு வழிப்படுத்தி தன் அயலானுக்கு அனுப்பும் அறிவித்தலில், இன்ன முகவரித்தொகுப்பை அடையலாம் என்பதும், அதனை அடைய இன்ன இன்ன தொகுதிகளைக் கடத்தல் வேண்டும் என்பதும், பொதியை முதலிலே யாரிடம் ஒப்படைத்தல் வேண்டும் என்பதும் அடங்கும். இவற்றுள் இறுதியாகக் கூறியதே அடுத்த தாவல் எனப்படும் பண்பு. அறிவித்தலில் இஃது இல்லாதொழியின் அவ்வறிவித்தல் செல்லாது. ஆற்றுப்படைப் புலவன் போல வழி முழுவதையும் இந்நெறிமுறை விரிப்பதில்லை. 'இத்தனை நாடுகளைக் கடந்தால் அவ்வூர். முதலிலே இவனிடம் போ' என்பதோடு அது நின்றுவிடும். அந்த 'இவன்' எங்கே இருக்கின்றான், அவனிடம் போவது எவ்வாறு என்பது பீ.ஜீ.பீ. அறியாத செய்தி. அதனை உள்வழி நெறிமுறையிடம் கேட்டே வழிப்படுத்தி அறிந்துகொள்ளல் வேண்டும். ஆகவே ஒரு பொதிக்கு வழி காண்பதற்கு இரு முறை தேடல் நிகழ்கின்றது: இலக்குக்குரிய அடுத்த தாவல் யாது என்பது முதல் தேடல்; அவ்வடுத்த தாவலுக்குச் செல்லும் வாயில் யாது என்பது இரண்டாவது. இவ்விரண்டில் ஒன்று பொய்ப்பினும் பொதி போகாது.

இனி விதிக்கு வருவாம். ஒரு தொகுதியின் எல்லை வழிப்படுத்தி பிறதொகுதியின் வழிப்படுத்திக்குச் சொல்லும்போது, அடுத்த தாவலாகத் தன் முகவரியையே பெரும்பாலும் எழுதும். இது புறப்பேச்சு. அவ்வாறு பெற்ற செய்தியைத் தன் தொகுதிக்குள் இருக்கும் உடன்வழிப்படுத்திகளுக்குச் சொல்லும்போதோ, அடுத்த தாவலை மாற்றாது, பெற்றவாறே சொல்லும். இஃது அகப்பேச்சு. வேறாகச் செய்யும்படி பணித்தாலன்றி மாற்றலாகாது என்பதே ஆர்.எவ்.சி. 4271 இன் விதி. மாணவர் பலர் இடறும் இடம் இதுவே.

ஆற்றங்கரையிலே ஓர் ஊர் உளதென்க. கரையில் நிற்கும் காவலன் ஆற்றையும் அறிவான். அக்கரை ஓடக்காரனையும் அறிவான். அக்கரைக்கு அப்பாலுள்ள நகருக்குப் போக விரும்பும் ஊரவர்க்கு அவன், 'அக்கரையில் இன்னார் என்னும் ஓடக்காரர் இருக்கின்றார்; அவரிடம் போங்கள்' என்று சொல்லியனுப்புகின்றான். செய்தி உண்மையே. ஆனால் ஊரின் நடுவில் வாழ்பவன் அவ்வோடக்காரனைக் கண்டவனல்லன். அவன் இருக்கும் துறையையும் அறியான். நகருக்கு வழியுண்டு என்ற அறிவோடு அவன் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். காவலன், 'என்னிடம் வாருங்கள். யான் சேர்ப்பிப்பேன்' என்றிருப்பின் அவன் வந்திருப்பான். காவலன் நிற்குமிடம் ஊரறிந்ததன்றோ.

இதனை எண்களால் விளக்குவாம். நமது தொகுதி 64500, அயற்றொகுதி 64501. நமது எல்லை வழிப்படுத்தியை அ என்றும், உள்ளேயிருப்பதை இ என்றும், அயலாருடையதை ஓ என்றும் கொள்க. அ, ஓ இரண்டையும் இணைக்கும் கம்பிக்கு 192.0.2.0/30 என்னும் சிறு முகவரித்தொகுப்பு. அதில் ஓ 192.0.2.1, அ 192.0.2.2. ஓ தன்னிடமுள்ள 203.0.113.0/24 ஐ அறிவிக்கின்றது. அடுத்த தாவல் 192.0.2.1. அ அதனை ஏற்கின்றது; அயலில் நேரே உள்ள முகவரியாதலின் அதற்கு இடர் இல்லை. பின் அ அச்செய்தியை இ இற்குச் சொல்கின்றது; அடுத்த தாவல் அப்போதும் 192.0.2.1 தான். இ தன் உள்வழி அட்டவணையைப் புரட்டுகின்றது. 192.0.2.0/30 என்பது எல்லைக்கம்பியின் முகவரி. அதனை உள்வழி நெறிமுறையில் எவரும் சேர்க்கவில்லை. எனவே 192.0.2.1 ஐ அடைய வழியில்லை. அடுத்த தாவலை அடைய முடியாத வழியைத் தெரிவுக்கே எடுத்துக்கொள்ளலாகாது என்பது விதியாதலால், அவ்வழி அட்டவணையில் எழுதப்பட்டும் பயன்படாது கிடக்கும். சிஸ்கோ கருவிகளில் அது சிறந்த வழிக்குரிய குறியின்றிக் காட்டப்படும்; ஜூனிப்பர் கருவிகளிலோ மறைந்த வழிகளின் கூட்டத்தில் வைக்கப்பட்டு, மறைந்தவற்றைக் காட்டெனத் தனியே கேட்டாலன்றிக் கண்ணிற் படாது.

தீர்வுகள் இரண்டு. எல்லைக்கம்பியின் முகவரித்தொகுப்பை உள்வழி நெறிமுறையில் சேர்ப்பது ஒன்று. அவ்வாறு சேர்க்கும்போது அக்கம்பியின்மீது உள்வழி நெறிமுறை வாய்திறவாதிருக்கும்படி, அதனை மௌன இடைமுகமாக அமைத்தல் வேண்டும். அன்றேல் நமது வீட்டுப்பேச்சு அயலார் காதில் விழும். மற்றைய தீர்வு, அ ஆனது இ இற்குச் சொல்லும்போது அடுத்த தாவலாகத் தன்னையே எழுதும்படி பணிப்பது. சிஸ்கோ கருவிகளில் அயலான் பெயரோடு நெக்ஸ்ற்-ஹொப்-செல்வ் என்னும் ஒரு சொற்றொடரைச் சேர்த்தால் அது முடிந்தது. இ இன் கண்ணுக்கு அடுத்த தாவல் இப்போது 10.0.0.1, அதாவது அ இன் மீள்சுழல் முகவரி. எந்தக் கம்பியோடும் பிணைக்கப்படாது, வழிப்படுத்திக்கே உரியதாய் நிற்கும் முகவரியை மீள்சுழல் முகவரி என்பர். ஒரு கம்பி அறுந்தாலும் மற்றொரு கம்பியால் அதனை அடையலாம்.

இவ்விரண்டில் எது நன்று? இரண்டாவதே எளிது என்பதில் ஐயமில்லை. உள்வழி அட்டவணை சிறிதாக இருக்கும். அயலார் கம்பி அடிக்கடி விழுந்தெழுந்தாலும் அவ்வதிர்ச்சி உள்ளே பரவாது. ஆயின் எளிமைக்கு ஒரு விலை உண்டு. எல்லைக்கம்பி அறுகின்றது என்க. முதற்றீர்வைக் கொண்ட வலையில், அச்சிறு முகவரித்தொகுப்பு உள்வழி நெறிமுறையிலிருந்து மறைந்தவுடனே, அதனை அடுத்த தாவலாகக் கொண்ட வழிகளனைத்தும் ஒருசேரச் செல்லாதனவாகும். உள்ளேயுள்ள ஒவ்வொரு வழிப்படுத்தியும் தானே வேறுவழி தேடிக்கொள்ளும். இரண்டாவது தீர்வில் அ இன் முகவரி இன்னும் உயிரோடுள்ளது. ஆதலால் உள்ளிருப்போர் யாதும் அறியார். அ தான் பெற்ற வழிகளை ஒவ்வொன்றாகத் திரும்பப்பெற்று அறிவிக்கும்வரை பொதிகள் அதனிடமே வந்துகொண்டிருக்கும். உலகளாவிய ஐ.பி.வி.4 அட்டவணையின் வழிகள் இன்று ஒன்பது இலட்சத்தைக் கடந்துவிட்டன. அவை முழுவதையும் திரும்பப்பெறுவது கண்ணிமைப்பில் முடிவதன்று. இவ்விடைவெளியைக் குறைப்பதற்கு, மாற்றுவழியை முன்னதாகவே கணித்து வைத்திருக்கும் உத்திகள் பிற்காலத்துக் கருவிகளில் உள. சிறு வலையமைப்புக்கு இரண்டாவது தீர்வே போதுமென்பது என் கருத்து. எனினும் எதனைக் கொடுத்து எதனைப் பெறுகின்றோம் என்பதை அறிந்து செய்தல் வேண்டும்.

இங்கே யான் கண்ட ஒரு நிகழ்ச்சியைக் கூறுதல் பொருந்தும். யான் முன்னர்ப் பணிபுரிந்த ஓரிடத்தில் புறத்தொடர்புக்கு இரு வாயில்கள் இருந்தன. முதலாம் வாயிலின் வழங்குநர் தமக்குத் தெரிந்த வழிகள் பலவற்றையும் பீ.ஜீ.பீ. மூலம் அறிவித்தார். இரண்டாம் வாயிலில் இயல்புவழி ஒன்றே இருந்தது. அதாவது, வேறெங்கும் வழி காணாத பொதிகளெல்லாம் அதனூடாகப் போகும். அவ்வியல்புவழியை உள்வழி நெறிமுறையிலும் பரப்பியிருந்தோம். முதலாம் வாயிலின் கம்பி முகவரியை உள்ளே சேர்க்கவும் இல்லை. அடுத்த தாவலை மாற்றவும் இல்லை. மேற்கூறிய விதிப்படி அவ்வழிகள் பயன்படாது கிடந்திருப்பின் பிழை முதல்நாளே வெளிப்பட்டிருக்கும். ஆனால் நம் கருவிகளோ, அடுத்த தாவலின் முகவரிக்குத் தனிவழி இல்லையென்று கண்டு, இயல்புவழியால் அதனை அடையலாமென்று தீர்மானித்துக்கொண்டன! அதனால் முதலாம் வாயிலுக்கென எழுதப்பட்ட பொதிகளெல்லாம் இரண்டாம் வாயிலால் வெளியேறின. இணையம் பரந்ததாதலின், அவை சுற்றிச் சுற்றியேனும் உரிய இடத்தை அடைந்தன. மறுமொழிகள் முதலாம் வாயிலால் வந்தன. கம்பியின் வரைபடத்தில் உள்வரவு மிகுந்தும் வெளிச்செலவு ஏறக்குறைய இல்லாமலும் இருந்ததை யாவரும் கண்டோம்; பதிவிறக்குவோரே மிகுதியென்று எமக்கு நாமே விளக்கமும் சொல்லிக்கொண்டோம். ஏறத்தாழ நான்கு மாதம் இப்படிக் கழிந்தது.

ஒருநாள் இரண்டாம் வாயில் பழுதுற்றது. அதனோடு இயல்புவழி மறைந்தது; இயல்புவழி மறையவே அடுத்த தாவலும் அடையமுடியாததாயிற்று. முதலாம் கம்பி நலமுடன் விளக்கெரிந்துகொண்டிருக்க, வலை முழுவதும் வாயடைத்தது. இரண்டு வாயிலுக்கும் பணம் கட்டியிருந்தும் எமக்கு இருந்தது ஒரு வாயிலே என்பதை அன்றுதான் அறிந்தோம். எல்லை வழிப்படுத்தியில் ஒரு வரி சேர்க்கப்பட்டது. சிறிது நேரத்தில் பொதிகள் ஓடத் தொடங்கின. அடுத்த தாவலை இயல்புவழியால் தீர்த்துக்கொள்ள இடங்கொடாதிருக்கும்படி அமைத்தல் பல கருவிகளில் இயலும். அவ்வாறு அமைத்துவைப்பதை யான் அதன்பின் வழக்கமாகக் கொண்டேன்.

அங்ஙனமாயின், இத்தனை இடருக்கு இடமான விதியை ஏன் வகுத்தனர்? அகப்பேச்சிலும் தன் முகவரியையே எழுதுக என்று விதித்திருக்கலாகாதோ என வினவலாம். இவ்வினாவுக்குரிய விடையிலேதான் நெறிமுறையை வகுத்தோரின் கூர்மை புலனாகின்றது. வழியைச் சொல்பவனும் வழியைச் சுமப்பவனும் ஒருவனாகவே இருத்தல் வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை என்பதே அவர் கொள்கை. மூன்று வழிப்படுத்திகள் ஒரே பொதுக்கம்பியில் நிற்கின்றன என்க. முதலாவது இரண்டாவதோடு மட்டும் பேசுகின்றது. இரண்டாவது மூன்றாவதோடு பேசுகின்றது. மூன்றாவது சொன்ன வழியை இரண்டாவது முதலாவதற்குச் சொல்லும்போது அடுத்த தாவலாகத் தன்னை எழுதினால், பொதி முதலில் இரண்டாவதிடம் வந்து, அதே கம்பியில் திரும்பி மூன்றாவதிடம் போகும். கைக்கெட்டும் தூரத்திலுள்ள ஒருவனிடம் பொருளைக் கொடுக்க நடுவே ஒரு தரகன் எதற்கு? ஆதலின் இவ்விடத்தில், புறப்பேச்சிலும்கூட, மூன்றாவதன் முகவரியையே எழுத விதி இடந்தருகின்றது. இதனை மூன்றாம் நபர் அடுத்த தாவல் என்பர்.

இக்கொள்கையின் முழுப்பயனையும் இணையப் பரிமாற்று நிலையங்களிலே காணலாம். இலண்டனில் 1994 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட நிலையமும், பிராங்பேட், அம்ஸ்ரர்டாம் ஆகிய நகரங்களின் நிலையங்களும் இவ்வகையின. பல தொகுதிகளின் வழிப்படுத்திகள் ஒரு பொதுவலையிற் கூடித் தம்முட் பொதி மாற்றும் சந்தைகள் இவை. அங்கே 500 உறுப்பினர் உளரெனின், ஒவ்வொருவரும் ஏனைய ஒவ்வொருவரோடும் தனித்தனியே பேசுவதற்கு 124,750 உரையாடல்கள் வேண்டும். இச்சுமையைத் தவிர்க்க, வழிச்சேவையகம் என்னும் ஒரு பொறியை நடுவில் வைக்கின்றனர். உறுப்பினர் யாவரும் தம் வழிகளை அதனிடம் சொல்வர். அது யாவர்க்கும் சொல்லும். ஆனால் ஒரு பொதியைத்தானும் அது சுமப்பதில்லை. தன் தொகுதி எண்ணையும் வழிப்பட்டியலிற் சேர்ப்பதில்லை. அடுத்த தாவலையும் தொடுவதில்லை. 2016 ஆம் ஆண்டில் வெளிவந்த ஆர்.எவ்.சி. 7947 இம்முறைகளை வகுத்துரைக்கின்றது. முன்னர் நம் வலையை உயிர்ப்பித்த அதே ஒற்றை வரியை இங்கே ஒருவர் எழுதிவிட்டால், சந்தையின் போக்குவரத்து முழுவதும் சொல்வதற்கென வைத்த அச்சிறு பொறியின் தலைமேல் இறங்கும்.

இம்முறைக்கும் ஒரு குறை உண்டு. உறுப்பினர் இருவர்க்கிடையே பொதுவலை பழுதுற்றிருக்க, இருவரும் வழிச்சேவையகத்தோடு மட்டும் தடையின்றிப் பேசிக்கொண்டிருத்தல் கூடும். அப்போது வழி உண்டென்ற செய்தி தொடர்ந்து வரும். அனுப்பிய பொதியோ காணாமற் போகும். சொல்பவன் வேறு, சுமப்பவன் வேறு என்று பிரித்ததற்குக் கொடுக்கும் விலை இது.

தொகுதியின் உள்ளேயும் இத்தகைய நடுவர் உண்டு. அகப்பேச்சிற் கேட்டதை மீண்டும் அகப்பேச்சிற் சொல்லலாகாது என்பது சுழற்சியைத் தடுக்க வகுத்த விதி. அதனால் உள்ளிருக்கும் ஒவ்வொன்றும் ஒவ்வொன்றோடும் பேசுதல் வேண்டும். 40 வழிப்படுத்திகளுக்கு 780 உரையாடல்கள். இதனைக் குறைக்க வழித்தெறிப்பி என்பதை ஏற்படுத்தினர். 1996 ஆம் ஆண்டில் முதலில் விவரிக்கப்பட்ட இம்முறை, 2006 ஆம் ஆண்டின் ஆர்.எவ்.சி. 4456 இல் திருத்தம் பெற்றது. கேட்டதைத் தெறிக்கும்போது அடுத்த தாவலை மாற்றலாகாது என்பது அங்கும் விதி. ஆயின் கருவிக்குக் கருவி மரபு வேறு. சிஸ்கோ கருவியில் முற்கூறிய சொற்றொடரை எழுதினால், புறத்திலிருந்து வந்த வழிகளுக்கு மட்டுமே அது செல்லும். தெறிக்கும் வழிகளையும் மாற்றவேண்டின் இன்னுமொரு சொல்லைச் சேர்த்தல் வேண்டும். ஜூனிப்பர் கருவியிலோ இது வெளிச்செல்லும் கொள்கையாக எழுதப்படுவது. புறவழிகளுக்கு மட்டுமென வரையறுத்து எழுதாவிடின், தெறிக்கும் வழிகளையும் சேர்த்தே மாற்றிவிடும். ஒன்றிற் பழகிய கை மற்றதில் எழுதும்போது, பொதிகளெல்லாம் தெறிப்பியைச் சுற்றிப் போகக் காண்பது புதிதன்று.

ஐ.பி.வி.6 முகவரிகள் வந்தபின் வினா மற்றொரு வடிவம் கொண்டது. 1999 ஆம் ஆண்டின் ஆர்.எவ்.சி. 2545, அடுத்த தாவலாக உலகளாவிய முகவரியோடு, ஒரு கம்பிக்குள் மட்டுமே செல்லும் இணைப்பக முகவரியையும் சேர்த்தெழுத இடந்தந்தது. ஆகவே அப்பகுதி 16 எண்மங்களாகவோ 32 எண்மங்களாகவோ இருக்கலாம். இணைப்பக முகவரியால் மட்டுமே பேசும் அயலானிடமிருந்து பெற்ற வழியை உள்ளே அனுப்பும்போது அம்முகவரிக்குப் பொருளே இல்லை. ஒவ்வொரு கம்பியிலும் அதே முகவரி வேறொருவர்க்கு உரியதாக இருக்கலாம். அங்கே தன்னையே அடுத்த தாவலாக எழுதுவதன்றி வேறு தெரிவில்லை.

ஐ.பி.வி.4 முகவரிகள் அருகிவிட்ட இக்காலத்தில் இதனினும் ஒருபடி மேலே சென்றுள்ளனர். 2020 ஆம் ஆண்டு நவம்பரில் வெளிவந்த ஆர்.எவ்.சி. 8950 இன்படி, ஐ.பி.வி.4 இலக்கொன்றை ஐ.பி.வி.6 அடுத்த தாவலோடு அறிவிக்கலாம். இருவரும் அதனை அறிவோம் என்று பேச்சின் தொடக்கத்திலேயே ஒருவர்க்கொருவர் உரைத்திருத்தல் வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. எல்லைக்கம்பிகளுக்கென ஐ.பி.வி.4 முகவரியைச் செலவிட வேண்டிய தேவை இதனால் ஒழிகின்றது. பெரிய தரவு நிலையங்களில், வழிப்படுத்திகளை இணைக்கும் எண்ணற்ற கம்பிகள் இப்போது இம்முறையால் ஐ.பி.வி.4 முகவரி ஒன்றுமின்றியே ஐ.பி.வி.4 பொதிகளைச் சுமந்துகொண்டிருக்கின்றன.